ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் பின்சீட்டில் பெட்ரோல் வாடை: ஏன்?

கேள்வி: நான் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. 2014 மாடல் சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் பெருந்துறை ரோட்டில் வண்டி நின்றுபோனது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாற்றிக் கொடுத்தார்கள். அதிலிருந்து, ஃபுல் டேங்க் போட்டால் இரண்டு மூன்று நாளைக்கு வண்டிக்குள் தாங்க முடியாத பெட்ரோல் வாடை. பின்சீட்டில்தான் அதிகம். பாதி டேங்குக்கு இறங்கியதும் போய்விடுகிறது. சின்னவன் பின்னால் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிறான். ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை காட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "லீக் எதுவும் இல்லைங்க, பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். டேங்க் மூடியை மாற்றியும் தீரவில்லை. இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மே மாதம் குழந்தைகளோடு ஊட்டி போகத் திட்டம். போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை இப்போதிருக்கும் நிலையில் ஊட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் வேண்டாம். பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம்.

"பெட்ரோல் வண்டின்னா வாடை இருக்கத்தான் செய்யும்" என்று உங்களிடம் சொன்னது தவறு. நன்றாக இருக்கிற காருக்குள் பெட்ரோல் வாடை துளியும் வரக் கூடாது. டேங்கிலிருந்து என்ஜின் வரை பெட்ரோல் போகும் வழி முழுக்கக் கசியாமல் மூடிய அமைப்பு. டேங்கில் கிளம்பும் ஆவிகூட வெளியே போகாமல், கரி நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் போய்த் தங்கி, பிறகு என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிகிறது. கேனிஸ்டர் என்பார்கள். அப்படி இருந்தும் வாடை வருகிறது என்றால் எங்கோ வழி திறந்திருக்கிறது என்று பொருள். வேறு விளக்கம் கிடையாது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வண்டியைப் பார்க்காமல் நோயைச் சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். ஆனால் நீங்கள் மூன்று விஷயங்களைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்: பம்ப் மாற்றியதிலிருந்து ஆரம்பித்தது, டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வருகிறது, பின்சீட்டில் அதிகம். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்லும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். "வாடை வருது சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வாடை எப்போது வருகிறது, எங்கே வருகிறது, டேங்கில் அப்போது எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் பம்ப் மூடிக்கு அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் மேல். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. டேங்கின் மேற்புறத்தில் வட்டமாக ஒரு வாய். பம்ப், பில்டர், மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவை எல்லாம் ஒரே கூடாக அந்த வாய் வழியாக உள்ளே இறங்கி உட்காரும். மேலே பிளாஸ்டிக் தலைத்தட்டு. தலைத்தட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் ஓ-ரிங். எல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்க ஒரு பெரிய லாக் ரிங். பின்சீட்டின் மெத்தையைத் தூக்கினால் தகடோ பிளாஸ்டிக்கோ ஒரு மூடி தெரியும். அதைக் கழற்றினால் இந்தத் தலைத்தட்டு கண்ணுக்குத் தெரியும். ஒரு சில கார்களில் மட்டும் டேங்கையே கீழே இறக்கினால்தான் கை போகும்.

டேங்க் பாதி இருக்கும்போது பெட்ரோல் மட்டம் இந்த ஓ-ரிங்குக்கு வெகு கீழே நிற்கும். ஃபுல் டேங்க் போட்டால் கிட்டத்தட்ட அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் அதில் வந்து மோதும். ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் கசிந்து டேங்கின் மேற்பள்ளத்தில் தேங்கும். அங்கிருந்து ஆவியாகி, சீட்டுக்கு அடியில் இருக்கும் மூடியைச் சுற்றி உள்ளே ஏறும். பம்ப் மாற்றியபோது அந்த மூடியையும் ஒட்டுப் பசை இல்லாமல் வெறும் ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தரையில் ஒரு சொட்டும் விழாது. பானட்டைத் திறந்து பார்த்தவர் "லீக் இல்லை" என்று சொன்னது அதனால்தான். அவர் பார்த்த இடத்தில் லீக் இல்லை.

புதுப் பம்ப் போட்டும் ரிங் எப்படிக் கெட்டது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் பம்ப் புதிது, ரிங் பழையது. பல வருடம் பெட்ரோலில் ஊறிய ஓ-ரிங் ஊதிப் பெரிதாகிவிடும். வெளியே எடுத்தபின் தன் பள்ளத்துக்குள் திரும்ப உட்காராது. சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு இடத்தில் மிஞ்சி நிற்கும். அவசரத்தில் அதையும் உள்ளே திணித்து லாக் ரிங்கைத் திருகிவிடுவார்கள். போன வருடம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் தலைத்தட்டைக் கழற்றினேன். ரிங்கில் ஒரு இடத்தில் மட்டும் சேலைக் கொசுவம் போல ஒரு மடிப்பு. அந்த மடிப்பு நசுங்கி, பிளேடால் கீறியது போல வெட்டு விழுந்திருந்தது. டேங்க் மேலே எங்கும் செம்மண் தூசி. அந்த வெட்டுக்கு நேராக மட்டும் விரல் அகலத்துக்குத் தூசி கழுவப்பட்டு, கறுப்பு பிளாஸ்டிக் பளபளத்தது. பெட்ரோல் ஓடிய தடம் அது. காய்ந்துவிடும், கறை வைக்காது, ஆனால் தூசியை அலசிவிட்டுப் போகும். லீக் தேடுகிறவன் ஈரத்தைத் தேடக் கூடாது, சுத்தமாக இருக்கும் இடத்தைத் தேட வேண்டும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார்.

இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தலைத்தட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மூக்கின் அடியில் மயிரிழை விரிசல். பைப்பைப் பலவந்தமாக இழுத்துக் கழற்றினால் வரும். அப்படியானால் பாதி டேங்கிலும் லேசாக வாடை இருக்கும், ஏனென்றால் அந்த மூக்கில் பம்பின் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது சுமார் 3 முதல் 4 பார். உங்கள் டயரில் இருக்கும் காற்றைவிட அதிகம். இரண்டாவது, பெட்ரோல் போடும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ், அதன் பக்கத்தில் போகும், டேங்கின் காற்றை வெளியே விடும் மெல்லிய பிரீதர் பைப். அதில் கிளிப் தளர்ந்திருந்தாலும் ஃபுல் டேங்கில்தான் வாடை வரும். ஆனால் அது வண்டிக்கு உள்ளே வருவதைவிட வெளியே, பெட்ரோல் போடும் பக்கத்துப் பின்சக்கரத்தின் அருகில் அதிகம் வரும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். டேங்க் பாதிக்கு மேல் இருக்கும் ஒரு நாளில், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, நான்கு கதவையும் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். வாடை போனதும் பின்சீட் மெத்தையைத் தூக்குங்கள். பெரும்பாலும் முன்விளிம்பில் இரண்டு கிளிப்தான் இருக்கும், மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். வாடை அங்கே அடித்தால் விடை கிடைத்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். பக்கத்தில் யாரும் புகை பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஏசி பட்டனும் ஒரு நல்ல சாட்சி. உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷனில் வைத்தால் வாடை ஏறுகிறது, வெளிக்காற்றுக்கு மாற்றினால் குறைகிறது என்றால் கசிவு பின்பக்கம். தலைகீழாக, வெளிக்காற்றில் வைத்தால் கூடுகிறது என்றால் முன்பக்கம், ஏனென்றால் அந்தக் காற்று கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்விளிம்பிலிருந்து உள்ளே வருகிறது. டேங்க் மூடியை மாற்றச் சொன்னவர் இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்த்திருந்தால் உங்கள் காசு மிஞ்சியிருக்கும்.

எத்தனால் விஷயம். பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இ20 என்பார்கள். அதற்குத் தாங்கும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். 2014 வண்டியின் பழைய ஹோஸ்களும் ரிங்குகளும் அதில் சீக்கிரம் இளகலாம், வெடிக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் வண்டியில் வாடை ஆரம்பித்தது பெட்ரோல் மாறிய நாளில் அல்ல, பம்ப் மாறிய நாளில். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: புது ரிங் வாங்கும்போது இ20-க்குத் தாங்கும் ஒரிஜினல் பாகமாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ரப்பர் வளையம் வேண்டாம்.

இனி மெக்கானிக் செய்ய வேண்டியது. இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள், அவரைக் குறை சொல்வதாக அவர் நினைக்க மாட்டார் என்று நம்புகிறேன். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது வேலையை ஆரம்பிக்கவும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, அது தானாக நின்றுபோகும் வரை விட்டால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்த பிறகே தலைத்தட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் போகும். லாக் ரிங்குக்கு அதற்குரிய டூல் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டுவது பிளாஸ்டிக்கை உடைக்கும், இரும்பில் இரும்பு பட்டால் பொறியும் பறக்கும். புது ரிங், சுத்தமான பள்ளம், தலைத்தட்டில் இருக்கும் அம்புக்குறி டேங்கில் இருக்கும் குறிக்கு நேராக வருவது, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கு. எம்-சீலோ சாதாரண சிலிக்கான் பசையோ அந்த இடத்தில் பூசவே கூடாது. பெட்ரோல் பட்டால் சிலிக்கான் ஊதி, வழுவழுவென்று உரிந்து வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு எல்ஈடி டார்ச் மட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பழகிய காலத்தில் ஒயர் நீட்டிய குண்டு பல்பைத்தான் வண்டிக்கு அடியில் பிடிப்போம். ஒருநாள் எனக்கு மூத்தவர் ஒருவர் டேங்க் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு சொட்டு பெட்ரோல் சூடான பல்பில் விழுந்தது. பல்ப் வெடித்த சத்தத்தோடு, தட்டில் பிடித்து வைத்திருந்த பெட்ரோலும் பற்றிக்கொண்டது. மணல் வாளி பக்கத்தில் இருந்ததால் உயிர் தப்பினார். முழங்கை வரை வெந்துபோன அந்தக் கையைப் பார்த்தவன் நான். பெட்ரோல் விஷயத்தில் "கொஞ்சம்தானே" என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பொறுப்பதில்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும். உங்கள் வீட்டில் வண்டி போர்ட்டிகோவில் நிற்கிறதா, அங்கேதான் இன்வெர்ட்டரோ வாஷிங் மெஷினோ இருக்கிறதா, வாசலில் மாலையில் விளக்கேற்றுவீர்களா? எதுவாக இருந்தாலும், ரிங் மாற்றும் வரை வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போவதற்கும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கி, வாடை முற்றிலும் போன பிறகு, கண்ணாடியை இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் ஓட்டிப் போங்கள். அன்றைக்கும் வாடை இருந்தால் ரிகவரி வண்டியை வரச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்க்க வேண்டாம்.

சின்னவனின் வாந்திக்கு வருகிறேன். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்திருப்பதே, அது புற்றுநோய் தரும் என்று உறுதியானதால்தான். மூடிய காருக்குள் அந்த ஆவியைச் சுவாசித்தால் பெரியவர்களுக்கே தலைவலி, குமட்டல் வரும். குழந்தைக்கு முதலில் வரும். இன்னொன்று, மூக்கு பழகிவிடும். பத்து நிமிடம் உள்ளே இருந்தவருக்கு வாடை குறைந்தது போலத் தோன்றும், ஆவி குறைந்திருக்காது. அதனால் காருக்குள் பெர்ஃப்யூம் டப்பா ஏதும் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஆபத்தைச் சொல்லும் ஒரே மணி உங்கள் மூக்கு, அதை அடைத்துவைக்கக் கூடாது.

வேறு மாதிரி வாடையோடு எழுதும் வாசகர்களுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பானட் பக்கம் வாடை வந்து, என்ஜின் சூடானதும் போனால், என்ஜினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கைப் பாருங்கள். குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அந்தச் சொட்டு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் இருக்கிறது. நான்கு நாள் நிறுத்தி வைத்த வண்டியில் திடீரென்று வாடை வந்தால் எலி ஹோஸைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள், சாவியைத் திருப்புவதற்கு முன்பே. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. புகைக்குழாயில் வாடை, மைலேஜ் குறைவு, என்ஜின் லைட் எரிகிறது என்றால் அது கசிவே அல்ல, பெட்ரோல் எரியாமல் போகிறது. பிளக், காயில் பக்கம் போங்கள். ஆயில் கேஜ் குச்சியில் பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் கூடியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். ரிங் விலை சில நூறு ரூபாய்க்குள் முடியும், கூலி தனி. பம்ப் மாற்றிய இடத்திலேயே கூலி வாங்காமல் செய்து தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தலைத்தட்டில் விரிசல் என்றால் செலவு ஆயிரங்களில் போகும், ஆனால் அதை ஒட்டி ஓட்டச் சம்மதிக்காதீர்கள். கழற்றிய பழைய ரிங்கை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். மடிப்போ வெட்டோ இருக்கும்.

வேலை முடிந்ததும் அப்படியே ஊட்டிக்குக் கிளம்ப வேண்டாம். ஃபுல் டேங்க் போட்டு, மெத்தையும் மூடியும் கழற்றிய நிலையிலேயே, லாக் ரிங்கைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் செருகி, நாலைந்து வளைவுகளில் திருப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் ஓட்டட்டும், கண்ணாடிகள் இறங்கியிருக்கட்டும். பேப்பர் நனையவில்லை என்றால் மூடியைப் புதுப் பசை வைத்து அடைக்கலாம். அதன்பின் ஈரோட்டுக்குள் இரண்டு நாள் ஓட்டுங்கள்.

மலைக்குப் போகும்போது ஒரு சின்னக் கவனம். மேட்டுப்பாளையத்தில் ஃபுல் டேங்க் போட்டால் நாசில் முதல் முறை தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுடட்டுமா?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் திணிக்கும் பெட்ரோல் ஆவி போகும் குழாய் வழியாகக் கரி டப்பாவுக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும். பங்க் தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த பெட்ரோல் வெயிலில் 15 டிகிரி சூடேறினால் 40 லிட்டர் டேங்கில் அரை லிட்டருக்கு மேல் விரியும், அதற்கும் இடம் வேண்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடக் கால்பங்கு குறைவு, பெட்ரோல் இன்னும் வேகமாக ஆவியாகும். இங்கே லேசாகக் கசிகிற வண்டி அங்கே நன்றாகவே நாறும். டிக்கியில் வைக்காமல் டிரைவர் சீட்டுக்கு அருகில் கைக்கு எட்டும்படி ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பானும் இருக்கட்டும்.

ரிங் மாற்றிய பிறகும் ஃபுல் டேங்கில் வாடை வந்தால் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பெட்ரோல் போடும் வாயின் ஹோஸும் பிரீதர் பைப்பும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரத்தின் உள்கவரைக் கழற்றினால் தெரியும். எது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், பழைய ரிங்கின் போட்டோவோடு.